மரக்காணத்து வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு

போன வாரம் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். டீசல் புகை நேராக என் சமையலறை ஜன்னலுக்குள் வந்தது. அந்தப் புகை வந்தால் மற்றவர்களுக்கு இருமல் வரும், எனக்கு அடிதடி ஞாபகம் வரும். குழம்புக் கரண்டியை ஓங்கிப் பிடித்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. “யாரை அடிக்கப் போற?” என்று கேட்டுக்கொண்டே கணவர் இரண்டடி தள்ளி நின்றார். நான் யாரையும் அடித்ததில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு அடி விழக் காரணமாக இருந்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. சூரிய சக்தியில் ஓடும் பம்பு விற்கிற கம்பெனியின் கிளை அது. நான் அங்கே சேல்ஸ் சப்போர்ட். வானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். என் அப்பாவுக்கு அந்த வேலை கடைசி வரை விளங்கவில்லை. “விக்கிறவன் அந்த சேகரு. வாங்குறவன் உப்பளத்துக்காரன். நடுவுல நீ யாருக்கு சப்போர்ட்டு?” என்பார். விலைப்பட்டியல் அடிப்பது, மானிய விண்ணப்பத்துக்கு நகல் எடுப்பது, “மோட்டர் ஓடலம்மா” என்று ஆரம்பித்து என் பரம்பரை வரை போகும் வசவுகளைப் போனில் வாங்கி, மெக்கானிக்குக்கு மரியாதையான தமிழில் அனுப்பி வைப்பது, இதுதான் வேலை. சேகர் பைக்கில் வெயிலில் கருகிக்கொண்டிருந்தார். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது உப்பளங்களில் எங்கு பார்த்தாலும் டீசல் இன்ஜின்தான். கிணற்று உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுவது அதுதான். முரட்டு ஜந்து. இரும்பு ஹேண்டிலை மாட்டி இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டதும் ஹேண்டிலை உருவிவிட வேண்டும். தாமதித்தால் அது திருப்பி அடிக்கும். அப்படி அடிபட்டு மணிக்கட்டு கோணலாகிப் போனவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள், அந்தக் கையாலேயே பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் விளக்கத்தாளில் ‘அமைதியான பம்பு’ என்று தலைப்பு வைத்தது நான். அமைதியாம், அமைதி. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பலராமன் என்பவரிடம் மூன்று இன்ஜின்கள் இருந்தன. வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அதில் இரண்டு, அவருடைய மச்சான் ஏகாம்பரத்தின் உப்பளத்தில் ஓடின. பலராமனின் மனைவி வள்ளி, ஏகாம்பரத்துக்கு ஒரே தங்கை. சேகர் இரண்டு தடவை ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அவர். “மிஷின் நல்லாதான் இருக்குது தம்பி. ஆனா தங்கச்சிக்குக் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். அது பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் என் அளத்துல பலராமன் இன்ஜின்தான் ஓடும்.” அந்தப் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சேகர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்.

அலுவலகச் சுவரில் உப்பளங்களின் வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தோம். யோசிக்கிறவர்களுக்கு மஞ்சள் புள்ளி, கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பச்சைப் புள்ளி. பக்கத்து அளத்துக்காரன் வாங்கிவிட்டான் என்றால்தான் இவன் வாங்குவான், ஆகவே பச்சை கூடக் கூட வியாபாரமும் கூடும். மாதக் கடைசியில் மேனேஜர் சென்னையிலிருந்து போன் செய்து, “இன்னும் ரெண்டு பச்சை காட்டுங்க” என்பார். நாங்களும் காட்டுவோம். இன்றைக்கு மஞ்சள், நாளைக்கு எப்படியும் பச்சைதானே என்று ஒரு சமாதானம். அந்த மாதம் பச்சைப் புள்ளி தீர்ந்துபோயிருந்தது. என் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. அதிலிருந்து ஒரு பச்சைப் பொட்டைப் பிய்த்து ஏகாம்பரத்தின் அளத்தின் மேல் ஒட்டினேன். நெற்றிக்கு வைப்பதுபோல் நேராக வைத்தேன். சேகர் வழக்கம்போல் அதைப் படமெடுத்து உப்பளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வேறொருவரின் புது பம்பைப் படமெடுக்க நானும் சேகரும் உப்பளத்துக்குப் போயிருந்தோம். அடுத்த அளம் ஏகாம்பரத்துடையது. அவர் ஆட்களோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் பலராமன் ஓடி வந்தார். கையில் இன்ஜின் ஹேண்டில்.

“கற்பூரம் அணைச்ச கைதானடா இது!” என்று கத்திக்கொண்டே வீசினார். ஏகாம்பரம் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது, காய்ந்த முருங்கைக் கிளை முறிகிறதே, அப்படி. அவர் பாத்திக்குள் விழுந்தார். கிழிந்த சதையில் உப்புத்தண்ணீர் பட்டதும் அவர் போட்ட அலறலை என்னால் எழுத முடியாது. பலராமன் விடவில்லை. இடுப்பில், முதுகில், காலில் என்று அடித்தார். “நான் போடலடா, கையெழுத்தே போடலடா” என்று ஏகாம்பரம் சொல்லிக்கொண்டே இருந்தார். “போட்டோல இருக்குதுடா!” என்று பதில் சொல்லிச் சொல்லி அடித்தார் பலராமன். வெள்ளைப் பாத்தி சிவந்துகொண்டே வந்தது.

அதற்குள் ஏகாம்பரத்தின் ஆட்கள் பலராமன் மேல் திரும்பினார்கள். உப்பு இழுக்கும் பலகைக் கட்டையால் அவர் முகத்தில் ஒருவன் அடித்தான். இரண்டு பேர் அவர் தலையைப் பிடித்து உப்புத்தண்ணீரில் அமுக்கினார்கள். தூக்கினார்கள், மறுபடி அமுக்கினார்கள். சேகர் நடுவில் பாய்ந்து பல் ஒன்றை இழந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “விடுங்கண்ணா, விடுங்கண்ணா” என்று யார் காதிலும் விழாத குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். “அவர் போடல, நான்தான் ஒட்டினேன்” என்று ஒரு வரி கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

ஏகாம்பரத்தின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது. பலராமனுக்கு இடது கண் பார்வை போனது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, வழக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கத்தையும் ராசியாக்கிவிட்டார்கள்.

நான்காம் நாள் வள்ளியக்கா மாடி ஏறி வந்தார். சேகர் ஆஸ்பத்திரியில் இருந்தார், நான் தனியாக இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒரே ஒரு கேள்விம்மா. எங்கண்ணன் கையெழுத்து போட்டுச்சா இல்லியா? நீ ஒரு வார்த்த சொல்லு. எம்புருசன் கண்ணு போனாலும் போவட்டும், எங்கண்ணன் சத்தியத்த மீறலன்னா எனக்குப் போதும்.”

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அந்தப் பொட்டு ஒட்டியபடியே இருந்தது. போடவில்லை என்று சொன்னால் வேலை போகும், அடித்தவர்கள் என்னைத் தேடி வருவார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் கணக்குப் போட்டது என் மனசு.

“ஃபைலைப் பார்க்கணும்க்கா” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்ப” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அண்ணன் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாராம். நான் மேலே ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஏகாம்பரமே வந்தார். வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. “மீறிட்டேன்னு ஊரே சொல்லிடுச்சி. தங்கச்சியும் நம்பிடுச்சி. இனிமே யாருக்காக வாங்காம இருக்கறது? பேப்பரக் குடு” என்றார். அந்தக் கையால் எழுத வராது, இடது கட்டைவிரல் ரேகைதான். மைப்பெட்டியைப் பிடித்துக் காகிதத்தில் விரலை அழுத்த உதவியது நான். மேனேஜர் குழுவில் எனக்குக் கைதட்டல் படம் அனுப்பினார். அந்த வருடமே வேலையை விட்டேன். வெளியில் சொன்ன காரணம் பஸ் நெரிசல்.

ஜெனரேட்டர் புகை வந்த மறுநாள் நான் மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். இத்தனை வருடம் கழித்து. ஏகாம்பரம் அளத்து வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார், வற்றிப் போயிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்தே கூடியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். ஒட்டியது நான்தான் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

“தெரியும்மா. ரேகை வெக்கறப்ப எங்கை ஆடல, உங்கைதான் ஆடுச்சி. அப்பவே தெரியும்.”

“ஏண்ணா கேக்கல?”

“எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் போடலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதது வள்ளிக்குத்தான்.”

“இப்பவே போறேண்ணா. வீடு எங்கன்னு சொல்லுங்க.”

அவர் பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன தையில போயிட்டாம்மா. பொறந்த வூட்டுக் கோடி எடுத்துட்டுப் போனேன், அரக்கு கலர் பொடவ. வாசல்லயே நிக்க வெச்சிட்டாங்க. எங்கண்ணன் கோடி எம்மேல விழக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டு செத்திருக்கா.” கோணல் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். பீரோவுலதான் இருக்குது.”

நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். சொல்ல வேண்டிய சொல் என் வாயில் இப்போது தயாராக இருக்கிறது, ‘இல்லக்கா, போடல’. கேட்க வள்ளியக்கா இல்லை.