தனலட்சுமி டீச்சர் இழுத்துப் போட்ட நாற்காலி

'தனலட்சுமி மிஸ் எக்ஸ்பயர்டு' என்று கைப்பேசியில் செய்தி வந்தபோது, சவுதியின் தம்மாமில் எங்கள் பள்ளியின் பெண்கள் பிரிவில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். அனுப்பியவள் பழைய மாணவி. டீச்சர் பார்த்திருந்தால், "மாத்திரைதான்டி எக்ஸ்பயர் ஆகும், மனுஷங்க செத்துப் போவாங்க" என்று திருத்தியிருப்பார். அந்த நினைப்பில் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதன் பின்னால் என்னிடமிருந்து வந்த சத்தத்துக்கு வகுப்பே தலை நிமிர்ந்து பார்த்தது.

அவர் ஊரான சேலத்துக்குப் போய் முகமாவது பார்க்கலாம் என்றால், இந்த நாட்டை விட்டு வெளியே போக என் கணவரின் கஃபீல், அதாவது அவருக்கு விசா கொடுத்த முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அங்கே பாலும் தெளித்திருப்பார்கள். இந்த அனுமதியோடு எனக்குப் பழைய பகை ஒன்று இருக்கிறது, அதில் டீச்சருக்கும் இடமுண்டு. அவரோடு வேலை பார்த்த, அவரிடம் படித்த உங்களுக்கெல்லாம் அவருடைய குரலும் சிவப்பு மையும் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த தனலட்சுமி டீச்சரை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இதே பள்ளியில் அவர் குடிமையியல் எடுத்தார், நான் கணக்கு. ஓய்வறையில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. தினமும் ஏதாவது ஒரு சண்டை இல்லாமல் தேநீர் இறங்காது. ஒருநாள் ஊரிலிருந்து வந்த வார இதழில் கருக்கலைப்புச் சட்டம் பற்றி ஒரு கட்டுரை. முடிவு யார் கையில் இருக்க வேண்டும், அரசா, நீதிமன்றமா, சம்பந்தப்பட்ட பெண்ணா என்று கேட்டிருந்தார்கள். "வயிறு அவளோடது, முடிவும் அவளோடதுதான். இதுல என்ன கட்டுரை வேண்டிக்கிடக்கு" என்றேன்.

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். "சட்டத்துல அவளோட முடிவுன்னு எழுதிடலாம் உமா. வீட்டுல அந்த முடிவ மாமியார்தான் எடுப்பா. நான் எங்க வீட்டுக்கு நாலாவது பொண்ணு. வயித்துல இருந்தப்பவே இதுவும் பொண்ணாத்தான் இருக்கும்னு ஜோசியக்காரன் சொல்லிட்டான். எங்க பாட்டி மருந்து அரைச்சுக் கொண்டாந்து வெச்சிருச்சு. கவர்மென்ட் நர்சம்மா ஒருத்தி வந்து, போலீசுக்குச் சொல்லிருவேன்னு மிரட்டினா. அதனாலதான் நான் இங்க உக்காந்து உங்கூட டீ குடிக்கறேன். எனக்குச் சட்டம் வேணும்."

நான் விடவில்லை. "உங்க அம்மா என்ன சொன்னாங்க? அவங்களுக்கு அந்தக் குழந்தை வேணுமா, வேண்டாமா?"

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கும் மனுஷி, மேசையிலிருந்த நோட்டுகளை அடுக்கினார். "தெரியல. நானும் கேட்டதில்ல. இனிமே கேக்கறதுக்கு அம்மாவும் இல்ல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருடம் நான் உண்டானேன். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து வந்த கரு. நாலு மாதம் தாண்டியபின் எடுத்த ஸ்கேனில், எகிப்துக்கார டாக்டரம்மா திரையை என் பக்கமிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டார். குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை. பிறந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது என்றார்கள்.

கலைப்பதானால் மூன்று டாக்டர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது இங்கே விதி. துணைக்கு ஒரு பெண் வேண்டுமே என்று டீச்சர் என்னோடு வந்திருந்தார். அறையில் டாக்டர்களுக்கு நாற்காலி இருந்தது, என் கணவருக்கு ஒன்று இருந்தது. நான் வயிற்றோடு கதவை ஒட்டி நின்றேன். அவர்கள் தங்களுக்குள் அரபியில் பேசினார்கள், பிறகு என் கணவரிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். தாயின் உயிருக்கு ஆபத்தில்லை, நாலு மாதமும் கடந்துவிட்டது, சட்டத்தில் இடமில்லை. தகவல் தெரிவிக்கப்பட்டது என்று அவரிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

அப்போது நடைபாதையிலிருந்து தரையில் கிரீச்சென்று ஒரு சத்தம். டீச்சர் வெளியே கிடந்த இரும்பு நாற்காலியை அறைக்குள் இழுத்து வந்தார். "முதலில் இவள் உட்காரட்டும்" என்று டாக்டர்களிடம் வகுப்பறை ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் எழுந்து போனதும் என் கணவரையும் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய இருங்க." கதவு சாத்தியபின் என் முன்னால் குனிந்து கேட்டார்: "உமா, உனக்கு என்ன வேணும்?"

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. என் கணவர் கேட்கவில்லை, மதுரையிலிருந்து என் அம்மாவும் கேட்கவில்லை. எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். "முடிஞ்சாப் போதும் டீச்சர். இது உள்ள அசையுது. ஒவ்வொரு தடவை அசையறப்பவும் நான் செத்துப் பொழைக்கிறேன். இன்னும் அஞ்சு மாசம் என்னால ஆகாது" என்றேன்.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "எனக்கு இது பாவமாத்தான் படுது. அத உள்ள வெச்சுக்கிட்டு உங்கூட நடக்க மாட்டேன், அதனால இப்பவே சொல்லிடறேன். ஆனா சுமக்கறது நீ. எந்திரி, போலாம்."

ஊரில் அப்போது ஐந்து மாதம் வரை சட்டம் இடம் கொடுத்தது, கைவசம் கொஞ்ச நாள்தான் இருந்தது. பாஸ்போர்ட்டுகள் கம்பெனி அலமாரியில். கஃபீல் குடும்பத்தோடு வெளிநாட்டில். அலுவலகத்தில் இருந்த ஹைதராபாத்காரர், "கஃபீல் மாஃபி பாய், ஈத் கே பாத் ஆவோ" என்று கையை விரித்துவிட்டார். முதலாளி இல்லை, பெருநாள் முடிந்து வா என்றால் என் வயிறு அதுவரை நிற்குமா? என் கணவர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கஃபீல் இல்லாட்டிப் போறாரு. கஃபீலோட அம்மா இருப்பாங்கல்ல" என்றார் டீச்சர். ஆண்கள் நுழைய முடியாத வீட்டுக்குள் பெண்கள் போகலாம் என்பது அவருக்குத்தான் தோன்றியது. அபாயா என்ற கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு இருவரும் போனோம். கதவு திறந்த பணிப்பெண் மட்டக்களப்புக்காரி, தமிழ் பேசினாள். "என்ன விசயம் அக்கா? சொல்லுங்கோ, நான் கிழவிக்கு விளங்கப்படுத்துறன்" என்றாள். கேட்டு முடித்ததும் அந்த மூதாட்டி தலையை ஆட்டி, ஹராம், ஹராம், அதாவது பாவம் என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுதுன்னு சொல்லும்மா" என்றார் டீச்சர். "ஆனா அவ ஊருக்குப் போயி அவளே முடிவெடுக்கட்டும். கதவத் தொறந்து விடறதுதான் நம்ம வேலை."

மூதாட்டி எழுந்து வந்து என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே அது அசைந்தது. அவர் வாய்விட்டு அழுதார். பிறகு மகனுக்குப் போன் போட்டார். மறுநாள் கையெழுத்து ஃபேக்சில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பெருநாள் விடுமுறைக்கு, பயண அனுமதி முத்திரை குத்தும் அரசு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அது திறக்கும்வரை நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மதுரையில் டாக்டர் அளந்து பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். கெடு தாண்டிவிட்டது. "மனசு கேக்கலைதான்மா. ஆனா நான் ஜெயிலுக்குப் போகணும். வேணும்னா கோர்ட்ல கேட்டுப் பாருங்க." வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "மனு விசாரணைக்கு வர்றதுக்குள்ள பிள்ளை பிறந்துரும்மா."

தம்மாமில் மார்க்கச் சட்டம், மதுரையில் தேதி, நடுவில் பெருநாள் விடுமுறை. இதில் யாரைத் திட்டுவது? எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் கொடுமை. ஒருவர்கூட என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் வருத்தப்பட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

நான் சுமந்தேன். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டார் வாய்க்குப் பயந்து, பேருக்காவது வளைகாப்புப் போட்டுவிடலாமா என்று மாமியார் கேட்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். செத்துப் போனால் தேவலை என்று நினைத்த நாள்கள் உண்டு, அதை மறைக்க இப்போது எனக்கு அவசியமில்லை.

டீச்சர் தம்மாமிலிருந்து வாராவாரம் போன் கார்டு போட்டுப் பேசுவார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், "சாப்பிட்டியா, தூங்கினியா" அவ்வளவுதான். ஒருநாள் அவர் மேலேயே பாய்ந்தேன். "இப்ப உங்களுக்குத் திருப்திதானே டீச்சர்? உங்க சட்டம் ஜெயிச்சிருச்சு."

"இல்ல உமா. சட்டம் வேணும்னுதான் இப்பவும் சொல்லுவேன். இல்லாட்டி என்ன மாதிரி நாலாவது பொண்ணுங்க பொழைக்க மாட்டாளுங்க. ஆனா அது பேசற ரூம்ல உனக்கு நாற்காலி இல்ல. அத என் கண்ணால பாத்துட்டேன். ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல" என்றார். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் விடை சொன்னவர் அவர். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது இரண்டாம் முறை.

குழந்தை பெண். காலையில் பிறந்து, உச்சிவேளை வரை மூச்சு விட்டது. தலையைத் துணியால் மூடிக் கொடுத்தார்கள். முகம் அழகாகத்தான் இருந்தது. பெயர் எதுவும் வைக்க வேண்டாம், பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சர் அழைத்தார். "என்ன பேரு?" என்றார்.

"வெக்க வேணாம்னு சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

நான் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, போனுக்குள் சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை முழுசாக, சத்தமாக, வருகைப் பதிவு எடுப்பதைப் போல் திருப்பிச் சொன்னார். என் கணவர் இன்றுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தம்மாம் திரும்பியபின் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் டீச்சர் என் மேசைக்கு வருவார். அந்தப் பெயரைச் சொல்வார், வகுப்புக்குப் போய்விடுவார். உடம்பு முடியாமல் சேலத்துக்குப் போன பிறகும் அந்த நாளில் போன் வந்தது. போன முறை குரல் தேய்ந்து காற்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இந்த வருடமும் அந்த நாள் வரும். என் மகளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்குப் பெயர் இருந்தது என்று தெரிந்த இன்னொரு ஆள் இனி இந்த உலகத்தில் இல்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். அதை இங்கே எழுதிவிட்டால் நீங்களாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்வீர்கள் என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு என்ன வேணும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன்.