மருந்து அலமாரியும் ஒற்றைச் சமக்குறியும்

தலைமையாசிரியர் தாத்தாவின் காலை வெந்நீரில் ஊறவைத்து, அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் நகம் ஓடு மாதிரி ஆகிவிடும். நேராக வெட்ட வேண்டும். மூலையை வளைத்தால் சதைக்குள் ஏறும். எட்டு விரல் முடிந்திருந்தபோது மேற்பார்வையாளர் அம்மா வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"ரெண்டு விரல் பாக்கி இருக்கு மேடம்."

"நகம் எங்கயும் ஓடிடாது. சாவி."

இடுப்பிலிருந்து மருந்து அலமாரிச் சாவி உள்ள கொத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினோரு வருடமாக அது அவளிடமே இருந்ததால், எங்கள் முதியோர் இல்லத்தில் அவள் பெயரே சாவிக்கொத்து. நாளையிலிருந்து அவளுக்குச் சலவை அறை என்றும் சொல்லிவிட்டார்.

குற்றம் சாட்டியது ஒரு பெட்டி. அதைச் செய்ததும் அவள்தான். நாற்பத்து மூன்று வயதில், வாரவிடுமுறையில் நூலகத்துக்குப் போய் இலவச வகுப்பில் சி என்ற கணினி மொழி படித்தாள். மருந்து அலமாரிக் கதவில் ஒரு காந்தச் சுவிட்ச். அதைப் பொருத்தியது அழைப்பு மணி ரிப்பேர் செய்யும் அவள் கொழுந்தன். கதவு திறந்தால் சிவப்பு விளக்கு எரியும்; மேற்பார்வையாளர் வந்து பொத்தானை அழுத்தும்வரை அணையாது. நிரலை இவள் எழுதினாள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் காலை எட்டு மணிக்கு மாத்திரைகளைக் கிண்ணங்களில் பிரிக்க அவளும் அவளோடு வேலை பார்க்கும் நானும் திறக்கும்போதும் எரிந்தது. அது தொந்தரவு என்றார் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை இவள் நிரலைத் திருத்தினாள்: மணி எட்டாக இல்லாவிட்டால் மட்டும் கதவைப் பார். இரவில் கழற்றும் பெட்டியைக் காலை எட்டுக்கு மாட்டுவோம்; திங்கள் முதல், ஒன்பது அடித்தால் விளக்கு சிவப்பாக நின்றது. மூன்று நாளும்.

யார் திறந்தது என்று தெரியும்வரை பொத்தானை அழுத்த மாட்டேன் என்று மேற்பார்வையாளர் மாத்திரைகளை எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கே, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு," என்று ஒவ்வொரு அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எடுத்துவிட்டு வேறு மாத்திரை வைத்திருப்பாளோ என்று. நானும் யோக்கியமில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பையைத் துழாவினேன். சீப்பு, டிபன் டப்பா, நிரல் எழுதும் நோட்டு. அவளோ கொழுந்தனைச் சந்தேகப்பட்டுப் போன் செய்தாள்.

"உன் ஒயருல ஏதோ கோளாறு இருக்கு."

"அண்ணி, என் ஒயருக்குப் பொய் பேசத் தெரியாது. உங்க எழுத்தைப் பாருங்க. எங்க அண்ணன் நீங்க எழுதுன கடுதாசிய இன்னும் படிச்சு முடிக்கலையாம்."

சாவியை வாங்கிய மேற்பார்வையாளர் அதோடு நிற்கவில்லை. "இனிமே மருந்தும் நானே குடுக்கிறேன்," என்று தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, தலைமையாசிரியர் தாத்தாவிடம் குனிந்தார்.

"தையல்காரர்தானே நீங்க?"

தாத்தா நிதானமாகத் தலையாட்டினார். தையல்காரருடைய கட்டில் அடுத்தது.

நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், இவர் எதுக்கும் தலையாட்டுவார். ராஜாவான்னாலும் ஆமாம்பார். பேரைச் சொல்லக் கூடாது, கேக்கணும்." பராமரிப்புப் பயிற்சியில் முதல் வாரப் பாடம் இது.

சாவிக்கொத்து நகவெட்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையோடு போய் நோட்டை எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றி எழுதிய ஒரு வரியில் விரல் நின்றது.

if (kadhavu = 1)

சி மொழியில் "சமமா?" என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். ஒன்று போட்டால் அது கேள்வி இல்லை. வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கத்தில் வைத்துவிடும். கதவு மூடியிருந்தாலும் kadhavu-க்குள், திறந்திருப்பதைக் குறிக்கும் ஒன்று போய் உட்கார்ந்துவிடும். ஒன்று என்றால் உண்மை. விளக்கு எரியும். "இல்லாவிட்டால்" என்று கீழே எழுதிய else பகுதிக்கு முறையே வராது. கம்ப்யூட்டர் மஞ்சளில் ஓர் எச்சரிக்கை காட்டியதாம். ஓடுகிறதே என்று இவள் விட்டுவிட்டாள்.

"பெட்டி கேக்கவே இல்ல மேடம். கதவு திறந்திருக்குன்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு."

"நீ எழுதுன, நீ திருத்துற. நான் எதை நம்புறது?"

கேட்டது நியாயம்தான். அவர் பக்கத்தில் நிற்கவே இன்னொரு சமக்குறியைச் சேர்த்துப் பெட்டியில் ஏற்றினாள். அதன்பின் சாவியும் பெட்டியும் அவர் அறையிலேயே இருந்தன. மறுநாள் காலையில் அவரே கொண்டுவந்து மாட்டினார்.

எட்டு மணி வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்து அலமாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஒன்பது அடித்தது. விளக்கு எரியவில்லை. ஒன்பதே முக்கால்வரை முறைத்துப் பார்த்தார்.

"எரியலையே. கெட்டுப்போச்சா?"

"நீங்களே திறந்து பாருங்க மேடம்."

திறந்தார். சிவப்பு. மூடி, பொத்தானை அழுத்தினார். அணைந்தது. விட்டாரா? நான்கு முறை திறந்து மூடினார். பிறகு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"திங்கள்லேர்ந்து நேத்து வரைக்கும், எட்டு மணி வேலை தவிர, நீ இந்தக் கதவைத் திறந்தியா?"

நான்கு நாளில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான்.

"இல்ல மேடம்."

பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொத்தை நீட்டினார். அவள் இடுப்பில் செருகிக்கொண்டு, வெந்நீர் வைக்கப் போனாள். தாத்தாவுக்கு இரண்டு விரல் பாக்கி இருந்தது.