கோமதி மிஸ் யூ.கே.ஜி. பிள்ளைகளிடம் சொல்லி வைத்தது

மத்தியானம் டிபன் டப்பாக்களைத் திறந்ததும் வகுப்பறை முழுக்க ஒரு வாசனை எழும்... தயிர்சாதம், அவித்த முட்டை, மாங்காய் ஊறுகாய், கூடவே சாக்பீஸ் தூள்.

புதுச்சத்திரத்தில் ஹைவேஸை ஒட்டி இருந்த சின்ன ஸ்கூல் அது. காலேஜ் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. லாரி ஹாரனுக்கு மேலே குரலை ஏற்றித்தான் ரைம்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எல்.கே.ஜி. எனக்கு. நடுவில் தடுப்பாக ஒரு மூங்கில் தட்டி, அதற்கு அந்தப் பக்கம் யூ.கே.ஜி., கோமதி மிஸ். எடப்பாடிக்காரர், வீட்டில் தறி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

சேர்ந்த முதல் வாரமே, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பஸ் டைம் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்... தனக்கு வலிப்பு உண்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், எப்போதாவது வந்துவிடும் என்று. வந்தால் சுற்றி இருப்பதை நகர்த்திவிட்டு, தலைக்கு மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதுமாம். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்காவிட்டால் மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

கல்யாணம் ஆகாத பெண், இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று ஒரு சீனியர் டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதவங்க முன்னால உழுந்தாத்தானுங்க்கா பயம். உங்ககிட்டத்தான் சொல்லிட்டேனே" என்று சொல்லிவிட்டு, கோமதி மிஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகளிடமும் சொன்னார்!

தட்டி இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொம்மையைக் கீழே படுக்க வைத்து விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தார். "மிஸ்ஸோட மூளையில சில நேரம் கரண்ட் தாறுமாறா ஓடும் சாமி. கீழ உழுந்து ஒதறுவேன். தானா நின்னுரும். உங்களுக்கு ஒட்டிக்காது. நீங்க நாற்காலியத் தள்ளிட்டு, தலைக்குத் துண்டு வெச்சுட்டு, பக்கத்து மிஸ்ஸைக் கூப்பிடோணும். ஆரையும் கையில சாவி குடுக்க உடாதீங்க, அவ்வளவுதான்."

ஆனுவல் டே வேலையில் எங்கள் யாருக்கும் சரியான தூக்கமில்லாத சமயம். ஒருநாள் காலை தட்டிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம்... நான் எழுவதற்குள் பிரியா என்ற குட்டிப் பெண் வாசலில் நின்றாள். அழவில்லை.

"எங்க மிஸ்ஸுக்குக் கரண்ட் வந்துருச்சுங்க மிஸ். வாங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோமதி மிஸ் தரையில். குட்டி நாற்காலிகளெல்லாம் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. தலைக்கடியில் பிள்ளைகளின் லஞ்ச் டவல்கள். மற்ற பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரை ஒருக்களித்துத் திருப்பினேன். அதற்குள் ஆபீஸிலிருந்து ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடிவர, பிரியா குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"சாவி வேண்டாமுங்க சார். தானா நின்னுரும்."

நின்றுவிட்டது.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. மறுநாள் காலையில் சில பெற்றோர் ஆபீஸ் முன்னால் நின்றார்கள். பிள்ளைகள் பயந்துகொள்ளும், இந்த டீச்சர் வேண்டாம் என்றார்கள். தாளாளர் கோமதி மிஸ்ஸைக் கொஞ்ச நாள் லீவில் போகச் சொன்னார். லீவு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பெற்றோரிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போகிறேன் என்று மட்டும் கோமதி மிஸ் கேட்டார்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும், அதே குரலில் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து பிரியாவின் அப்பா எழுந்தார். லாரி டிரைவர். ஆள் பெரிய உருவம்.

"எம் பெரிய பையனுக்கும் இது இருக்குதுங்க. வெளிய தெரிஞ்சா கேவலமுன்னு படிப்ப நிறுத்தி ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கறோம். கயிறு கட்டாத கோயில் இல்லீங்க. அவனுக்கு வந்தாப் போதும், பிரியா கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்குவா..."

நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"முந்தாநேத்து அவந் தலைக்குத் துணி வெச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தாளுங்க. இந்த டீச்சர அனுப்பிராதீங்க."

கோமதி மிஸ்ஸை மாற்றச் சொல்லி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை; தாளாளரும் லீவுப் பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்த வாரமே கோமதி மிஸ் அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் சேலத்தில் தான் பார்க்கும் நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். திரும்பி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் ஆவலாகக் கேட்டோம், டாக்டர் என்ன சொன்னார் என்று. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், கிணற்றில் தனியாக இறங்கக் கூடாது, மற்றபடி பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம் என்றாராம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தான் அவன். இன்று நாமக்கல்லில் பிளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான்.

கோமதி மிஸ், பெண் பார்க்க வந்தவர்களிடமும் தானே சொன்னார். முதலில் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். பிறகு வந்த ஒருவர், மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று கேட்டாராம். அவரையே கட்டிக்கொண்டார். குழந்தைக்கு ஆசைப்பட்டபோது முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மாத்திரையை அவர் சொன்னபடி மாற்றி, ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டார். அவள் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

நான் இன்றைக்கு வேறொரு பெரிய ஸ்கூலில் இன்சார்ஜ். மெடிக்கல் ரூம், நர்ஸ், சிசிடிவி எல்லாம் இருக்கிறது. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று போனைத் தட்டினால் நூறு வீடியோ வருகிறது. அந்தத் தட்டி வகுப்பறையில் எங்களுக்கு இருந்தது கோமதி மிஸ் ஒருவர்தான்...

ஆனாலும் போன மாதம் ஒரு அம்மா போனில் கிசுகிசுப்பாகச் சொன்னார், பையன் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான், கிளாஸ் டீச்சருக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று. நான் எதுவும் வாதாடவில்லை. கோமதி மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு, அவர் நம்பரை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பிரேயர் முடிவதற்குள் அந்த அம்மா பையனின் கையைப் பிடித்துக்கொண்டு என் ரூம் வாசலில் நின்றிருந்தார். கிளாஸ் டீச்சரைப் பார்க்க வேண்டுமாம்.