எட்டடிப் பெட்டியும் பின்சீற்றும்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் சட்டை அளவுகள்தான்: மார்பு, கை, கழுத்து. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னாலும், ஆண்டை மாற்றிச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது ஓர் அளவைப் பற்றிய கதை. பாரிசில், லா சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் இருபது வருடத்துக்கு மேல் சட்டை தைத்தவள் நான். அளவில் பிழை விட்டதில்லை. ஒரே ஒரு தரம் விட்டேன், அதையும் தெரிந்துகொண்டுதான் விட்டேன்.

என் தம்பி கனடாவில் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா வருத்தக்காரி என்பதால் அவனைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். பத்தொன்பது வயதில் வெளிநாடு போகவென்று கொழும்பில் ஒரு லொட்ஜ் வாசலில் வான் வண்டியில் ஏறினான். வான் திரும்பும்போது பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து என்னைப் பார்த்தான். நேரில் பார்த்தது அதுதான் கடைசி. நான் பிறகு என் மனிசனோடும் மகளோடும் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். முதலில் எங்களுக்கு வதிவிடக் காட் இல்லை, காட் கிடைத்தபோது மனிசன் படுக்கையில் விழுந்தார், அவர் போன பிறகு தையல் வேலையை விட முடியவில்லை. தம்பி அங்கே லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வருடங்கள் இப்படிப் போய்விட்டன.

2009இல் மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்கைப் போட்டுத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிகிற நேரம் அவர்களுக்குக் காலைத் தேநீர் நேரம். எங்கள் வீடு எட்டாம் மாடியில். யன்னலுக்குக் கீழே கார் து நோர் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் பாதைகள் எல்லாம் தெரியும். மேசையில் ஒரு பக்கம் தம்பியின் முகம், மறுபக்கம் ரயில்கள். நான் அவனைப் பார்ப்பேன். அவன் பெரும்பாலும் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பான். "பிறகு என்ன அக்கா?" என்பான். "ஒண்டுமில்லை" என்பேன். அப்படியே நேரம் போய்விடும்.

2012 என்று நினைக்கிறேன், ஒரு ஞாயிறு அவன் வேறு மாதிரித் தொடங்கினான்.

"அக்கா, ஒரு முடிவு சொல்லுங்கோ. எட்டடியோ, ஆறரை அடியோ?"

"எட்டு முழமெண்டா வேட்டி எண்டு சொல்லுவன். எட்டடியிலை என்னடா இருக்கு?"

பிக்கப் வாகனமாம். முன்னுக்கு ஆட்கள் இருக்கிற இடம், பின்னுக்குத் திறந்த பெட்டி. அந்தப் பெட்டியின் நீளம்தான் கேள்வி. லொறி ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு போகிற ஒரு வீட்டை வாங்கி, அவனும் பெண்சாதியும் கோடைக்குக் கோடை ஊர் சுற்றப் போகிறார்களாம். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ள ட்ரெயிலர். மற்ற ட்ரெயிலர்களைப் போல வாலில் கொளுவுவதில்லை, பிக்கப்பின் முதுகிலேயே ஏறி இருக்குமாம். பெட்டிக்குள்ளே பின்சில்லுக்கு மேலே ஒரு வட்டத் தட்டைப் பூட்டி, அதில்தான் ட்ரெயிலரின் மூக்கைக் கொளுவ வேண்டும். அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சில்லு, அதாவது ஐந்தாவது சக்கரம், என்று பெயராம்.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். பக்கத்தில் பால் பெட்டியை எடுத்து வைத்தான்.

"இந்தச் செருப்புத்தான் பிக்கப். வார் இருக்கிற இடத்திலை நாங்கள் இருக்கிறம். குதிக்காலிலை ட்ரெயிலரைக் கொளுவுறம். இப்ப பாருங்கோ, நான் வளைக்கப் போறன்."

செருப்பைத் திருப்பினான். பால் பெட்டியின் மூலை வந்து வாரில் முட்டியது.

"இது ஆறரை அடி. கண்டியளோ? பெட்டி கட்டையெண்டா, ஒடிச்சு வளைக்கேக்கை ட்ரெயிலர் மூலை வந்து எங்கடை பின்கண்ணாடியிலை இடிக்கும். எட்டடியெண்டா இடைவெளி காணும்."

பின்னால் தம்பியின் பெண்சாதி, என் மச்சாள், குரல் கொடுத்தாள். "சாப்பாட்டு மேசையிலை செருப்பு வைக்கிற மனிசனை எங்கையாவது கண்டிருக்கிறியளோ மச்சாள்?"

"அப்ப எட்டடிதானே?" என்று கேட்டேன். "பிறகென்ன கேள்வி?"

"கையிலை கிடைக்கிறது ரெண்டு வாகனம் அக்கா. எட்டடியிலை முன்னுக்கு ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கலாம். ஆறரை அடிக்கு நாலு கதவு, பின்சீற்றும் இருக்கு. எங்கள் ரெண்டு பேருக்கும் பின்சீற் ஆருக்கு? நீங்கள் நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கோ, இவ உங்கடை வாயாலை கேக்க வேணுமாம்."

எங்கள் குடும்பத்தில் வீடோ வாகனமோ வாங்கினால் நாளும் எண்ணும் என்னிடம் கேட்கிற வழக்கம் உண்டு. நான் சாத்திரம் படித்தவள் இல்லை. பலசரக்குக் கடையில் தை மாதம் தருகிற நாட்காட்டியைப் பார்த்து நல்ல நேரம் சொல்வேன், எண்களைக் கூட்டிச் சொல்வேன். ஒரு கிழமை பொறு என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஸ்கைப்பை மூடினேன்.

"பின்சீற் ஆருக்கு" என்று கேட்டானே, அந்தக் கேள்வி என் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

ட்ரெயிலர் ஓடும்போது அதற்குள்ளே ஆள் இருக்கக்கூடாதாம். அப்படியென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் வருவதானால் அந்தப் பின்சீற்றில்தான் வரவேண்டும். நான் போக ஆசைப்பட்டேன். தம்பி முன்னால் இருந்து ஓட்ட, நான் பின்னால் இருந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதுவும் வேண்டாம். ஏரியும் மலையும் அவர்கள் பார்க்கட்டும்.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வது எப்படி? தம்பிக்குக் கல்யாணமான பிறகு அது மச்சாளின் வீடு. நானாக வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவன் தன் வாயால் "வாங்கோ" என்று சொல்ல வேண்டும். அத்தனை வருடத்தில் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை ஒருநாள் தையல் நாடாவை எடுத்து வீட்டு நிலத்தில் அளந்தேன். யன்னல் சுவரிலிருந்து எட்டடி பிடித்தால் குளிர்ப்பெட்டியில் போய் முட்டியது. ஆறரை அடி தையல் மிசினின் காலோடு முடிந்தது. நடுவில் பதினெட்டு அங்குலம். நான் ஒடுங்கி இருந்தால் எனக்கு அது போதும்.

"என்னம்மா, அலுமாரி வாங்கப் போறியளோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தம்பி திரையில் வந்தவுடன், "எட்டு வேண்டாம்" என்றேன். "எட்டு சனியின்ரை எண். வாகனத்துக்கு ஆகாது. ஆறு சுக்கிரன், பயணத்துக்கு நல்லது."

"அக்கா, சனி வாறாரோ இல்லையோ, வளைவு கட்டாயம் வரும்."

"பெரியாக்கள் சொன்னாக் கேளுங்கோ" என்றாள் மச்சாள். "மச்சாள் பார்த்தது ஒருநாளும் பிழைச்சதில்லை."

செருப்பு வாரில் பால் பெட்டி முட்டியதை என் கண்ணால் கண்டிருந்தேன். கண்டும் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, பெட்டி கட்டையென்றால் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, ஒடித்து வளைக்க முதல் இறங்கிப் பிடியை இழுத்துவிட வேண்டும், அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றான். என் சொல்லைத் தட்டவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான்.

அந்த மாதம் கடையில் மிஞ்சிய சேலைத் துண்டுகளை வைத்து பதினெட்டு அங்குல அகலத்தில் ஓர் இருக்கை மெத்தை தைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. அலுமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

கோடை வந்தது. படங்கள் அனுப்பினார்கள். ஒரு படத்தில் வாகனத்தின் கதவு திறந்திருந்தது. பின்சீற்றில் அரிசி மூட்டை இருந்தது. விழுந்துவிடாமல் அதற்குப் பெல்ட்டும் போட்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தை நிறைய நேரம் பார்த்தேன். அவர்கள் கரடி கண்ட கதையைச் சொன்னார்கள், மச்சாள் ட்ரெயிலருக்குள் இடியப்பம் அவித்த கதையைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஞாயிறும், இன்றைக்குச் சொல்வான், இன்றைக்குச் சொல்வான் என்று இருந்தேன். "பிறகு என்ன அக்கா?" என்றான். "ஒண்டுமில்லை" என்றேன். எனக்கு அந்த இரண்டு வருடத்தில் தெரிந்த பயணம் பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னேயில் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய் வந்தது மட்டும்தான்.

இரண்டாவது கோடையின் முடிவில் ஒரு ஞாயிறு தம்பியின் முகம் ஒருமாதிரி இருந்தது. மழையாம். ட்ரெயிலர்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு மரத்தைச் சுற்றி வளைத்திருக்கிறான். முப்பது வருடம் லொறி ஓட்டியவனுக்கு இறங்கிப் பிடி இழுக்கிற பழக்கம் இல்லை. மறந்துவிட்டான். ட்ரெயிலரின் மூலை வந்து பின்கண்ணாடியை அப்படியே உள்ளே தள்ளிவிட்டது.

"ஆருக்கும் ஒண்டுமில்லை அக்கா. அரிசிதான் வீண். முழுக்கக் கண்ணாடித் தூள்."

"கண்ணூறு" என்றாள் மச்சாள். "ஊர் முழுக்கப் படம் அனுப்பினால் இப்படித்தான்."

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். என்னுடைய ஆசைக்காகத் தம்பியின் பிடரிக்குப் பின்னால் கண்ணாடி உடைந்திருக்கிறது.

சில கிழமை கழித்துத் தம்பி சொன்னான், "அக்கா, இதை மாத்தப் போறன். இந்தமுறை எட்டடிதான். தயவுசெய்து நம்பர் பாக்காதேங்கோ."

"எட்டடியே எடு" என்றேன். "நல்லது."

"ஏன், சனியன் விலகிப் போயிட்டானோ?" என்று சிரித்தான்.

குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மகள் ஈரக் கையோடு வந்தாள். "மாமா, எட்டுக்குப் பயந்தவவெண்டா இவ எப்படி எட்டாம் மாடியிலை இத்தனை வருசம் இருக்கிறா?" அதோடு விடவில்லை. அலுமாரியைத் திறந்து மெத்தையைக் கொண்டுவந்து கமராவுக்கு முன்னால் பிடித்தாள். எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். "இது ஆரின்ரை சீற்றுக்கு எண்டு கேளுங்கோ. நிலத்தை அளந்ததும் அலுமாரிக்கு இல்லை."

எனக்குக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். தம்பி திரைக்குக் கிட்ட வந்து மெத்தையைப் பார்த்தான்.

"அக்கா, உங்களை வா எண்டு நான் கூப்பிட வேணுமோ? சொந்தத் தம்பியின்ரை வாகனத்துக்கு?"

"வேணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எத்தனை வருடம் எடுத்தது.

"நான் இவருக்கு எத்தனை தரம் சொன்னனான், கூப்பிடுங்கோ எண்டு!" மச்சாள் தம்பியின் தோளில் அடித்தாள். "அக்கா லா சப்பலை விட்டு அசையமாட்டா எண்டுதானே சொன்னனீங்கள்!"

"வாங்கோ அக்கா" என்றான் தம்பி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தரம், "வாங்கோ" என்றான்.

எட்டடிப் பெட்டியோடு நாலு கதவும் உள்ள வாகனம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அப்படியும் இருக்கிறதாம், நீளம்தான் அதிகம். வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் வால் நடைபாதைக்கு வந்துவிடுகிறது என்று அயலவர் முறைப்பட, வேறு இடம் பிடித்து நிறுத்தினான். பின்சீற்றில் அரிசி மூட்டை வைக்க வேண்டாம் என்று மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறான்.

நான் போகவில்லை. முதல் வருடம் என் வலது காலில் நரம்பு அடைத்து ஒப்பரேசன் செய்தார்கள், பறக்கக்கூடாது என்றார்கள். அடுத்த நாலைந்து வருடமும் அப்படியே. கால் தேறி, ரிக்கெற்றும் பார்த்தபோது கொரோனா வந்து உலகமே கதவைப் பூட்டியது. கதவு திறந்தபோது தம்பிக்குச் சர்க்கரை வியாதியால் கண் மங்கிவிட்டது, ஓட்டக்கூடாது என்றார்கள். ட்ரெயிலரை விற்றுவிட்டான். பிக்கப்பை விற்கவில்லை. கிழமைக்கு ஒரு தரம் மச்சாள் அதைக் கடைக்கு ஓட்டிப் போகிறாளாம், பற்றரி செத்துப் போகாமல் இருக்க. "நீங்கள் வந்து இருந்து பார்க்காமல் விக்கமாட்டன்" என்கிறான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். என் முகம் அவனுக்கு மங்கலாகத்தான் தெரிகிறதாம். திரைக்குக் கிட்ட வரச் சொல்கிறான். நான் கிட்டப் போகிறேன்.

வருகிற வைகாசிக்குப் போகலாமா என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறேன். எட்டு மணித்தியாலம் விமானத்தில் கால் மடக்கி இருக்க வேண்டும் என்கிறார்கள். மெத்தையைத் தபாலில் அனுப்பவில்லை. கையில்தான் கொண்டுபோவேன்.

இதை வாசிக்கிறவர்களில் இந்த வாகனங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்காக ஒருக்கால் சரிபார்க்க வேண்டும். முதல் வாகனத்தின் பெட்டி ஆறரை அடிதானா, ஐந்தரையா என்று தம்பியைக் கேட்டேன், அவனுக்கும் நினைவில்லை. நான் எழுதிய ஆண்டுகளும் முன்பின்னாக இருக்கலாம், திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று. எட்டடிப் பெட்டியும் நாலு கதவும் உள்ள வாகனம் எங்கேயாவது நிற்கக் கண்டால், அதன் பின்சீற்றை அளந்து சொல்லுங்கள். வலது காலை நீட்டி வைக்க வேண்டிய ஒரு வயதான பெண்ணுக்கு இடம் காணுமா என்று. தம்பியைக் கேட்டால் காணும் என்றுதான் சொல்வான்.