செப்டம்பர் ஒன்பது, ராமக்காள் வரவில்லை

ராமக்காளின் பதினோராம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, மகள் கவிப்பிரியா போனில் நூறு நாள் வேலையின் வருகைப் பக்கத்தைத் திறந்தாள். அம்மா செத்த பிறகு வந்த எட்டு வேலைநாளும் அவள் பெயருக்கு நேரே வருகை விழுந்திருந்தது. செப்டம்பர் ஒன்பது, வேலையிடத்தில் விழுந்து உயிர்விட்ட அந்த நாளுக்கு மட்டும் ஆப்சென்ட்.

கவிப்பிரியாவுக்கு ஓசூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை. பிழை கண்டால் அதை மறுபடி வரவழைத்துப் பார்ப்பது பழக்கம். மூன்று முறை மூடித் திறந்தாள். மூன்று முறையும் அம்மா செத்த பிறகுதான் ஒழுங்காக வேலைக்கு வந்திருந்தாள்.

ஏற்றியிருந்த படத்தைப் பெரிதாக்கினாள். பொங்கல் வாரத்தில் ஓவர்சீயர் முருகேஷ் ஆய்வுக்கு வந்தபோது எடுத்தது. ஓரத்தில் மஞ்சள் துண்டு கட்டிய அம்மா. முகத்தின் மேல் நெளிநெளியாக நிறக்கோடுகள். ஒரு போனின் திரையை இன்னொரு போனால் படம் பிடித்தால்தான் அந்தக் கோடுகள் விழும். எட்டு நாளும் அதே படம், அதே கோடுகள்.

ராமக்காள் எட்டாவது வரை படித்தவள். புருஷன் லாரியோடு தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து போன பிறகு, இரண்டு ஏக்கர் மானாவாரியில் மகளை டிப்ளமோ படிக்க வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பதால் வேலையிடப் பொறுப்பு அவளிடம் வந்தது. காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம். இரண்டில் ஒன்று ஏறாவிட்டால் அத்தனை பேரும் வரவில்லை என்று கணக்கு. சித்தேரி மலையடியில் வேலை நடந்த ஏரிக்குள் சிக்னல் கிடையாது. படம் எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறுவாள். சொந்த நாத்தனார் ஒருநாள் படத்துக்கு மட்டும் வந்து நின்றபோது, "வெயில்ல நிக்காதவளுக்குப் போட்டோவுல என்ன வேலை? தள்ளு!" என்று விரட்டினாள். நாத்தனார் காரியத்துக்குக்கூட வரவில்லை.

ஒன்பதாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது படத்தோடு பாறை ஏறினாள். வழுக்கியது. தூக்கி வந்தவர்கள் போனையும் கொண்டுவந்தார்கள். மூலையில் மட்டும் விரிசல். படம் போகாமல் உள்ளேயே நின்றிருந்தது. சிக்னல் பட்டால் ஆப் அதை என்ன செய்யுமோ என்று கவிப்பிரியா அன்றைக்கே போனை ஏர்பிளேன் மோடில் போட்டாள். அழுவதற்கு முன் செய்த காரியம் அதுதான்.

மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டி ஒன்றிய ஆபீசுக்குப் போனாள். அம்மாவோடு மண் சுமந்த செல்லியும் கூட வந்தாள். முருகேஷ் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"வேலையிடத்துல செத்தா குடும்பத்துக்கு உதவித்தொகைன்னு சட்டத்துல இருக்குதுங்க சார். அம்மா வேலைக்கே வரலைன்னு உங்க பதிவு சொல்லுது."

"சிஸ்டம் சொல்லுதும்மா. நானா சொல்றேன்?"

"செத்தவங்க எட்டு நாள் வந்தாங்கன்னும் சிஸ்டந்தான் சொல்லுதுங்களா?"

முருகேஷ் விரலைக் காகிதத்தில் துடைத்தார். "அந்தப் பாறையில ஏற எவளும் வரலை. கூலி நின்னுடக் கூடாதேன்னு நானே பழைய போட்டோவைப் போட்டு நல்லது செஞ்சேன். சரி வுடு. மேலே சொல்லி ஒன்பதாம் தேதியையும் தொறக்கச் சொல்றேன். அதே போட்டோவைப் போட்டுடலாம். அம்மா பளிச்சுனு இருக்காங்க பாரு. உனக்கு உதவித்தொகை வரும். உங்கம்மா போனை மட்டும் குடு, ரீசெட் பண்ணிக்கலாம்."

போண்டா எண்ணெய் பட்ட கை மேசைக்கு மேல் நீண்டது. கவிப்பிரியா அந்தக் கையையே பார்த்தாள். அம்மா வந்தது நிஜம். அதை நிரூபிக்க இந்தப் பொய்ப்படம் வேண்டுமாம்.

"தர மாட்டேன்."

"புகார் எழுதுனா அந்த எட்டு நாளும் ரத்து ஆவும். இருபத்தொரு பேர் கூலியும் போச்சு. இதோ, பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்களையே கேளு."

கவிப்பிரியா திரும்பினாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை.

"போனாப் போவட்டும்னு சொல்ல நான் ஒண்ணும் மவராசி இல்ல" என்றாள் செல்லி. "எழுது பாப்பா. எங்க கூலிக்கும் சேத்து எழுது. மம்முட்டி புடிச்சது நாங்க, இவரு போனு இல்ல. வெயில்ல நிக்காதவருக்கு எங்க போட்டோவுல என்ன வேலைங்க சாரு?"

முருகேஷ் மிச்சப் போண்டாவைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

தருமபுரியில் குறைதீர் அலுவலகம். மனுவில் இருபத்தொரு பேரின் கையெழுத்தும் ரேகையும் இருந்தன. எழுத்தர் பெண் வாங்கிப் பார்த்தாள்.

"ஆதாரம்?"

கவிப்பிரியா போனைக் காட்டினாள். போகாமல் நின்ற படம். மழையில் இருபத்தொரு பெண்கள். எடுத்தவள் அதில் இல்லை. கீழே நேரம்: இரண்டு பதினேழு.

"போனெல்லாம் வாங்க மாட்டோம். ஆன்லைன்ல ஏத்துங்க."

"ஏத்தணும்னா சிக்னல் போடணும். போட்டா இது அழிஞ்சாலும் அழிஞ்சுடுங்க."

"அப்ப ஸ்க்ரீன்ஷாட்?"

"இந்த ஆப் எடுக்க விடாதுங்க."

"வேற போன்ல ஒரு போட்டோ எடுத்து ஏத்துங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

வேறு வழியில்லை. கவிப்பிரியா தன் போனை எடுத்து, அம்மாவின் போனுக்கு மேலே பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள், வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். எப்படிப் பிடித்தாலும் அந்தப் பெண்களின் முகங்களுக்குக் குறுக்கே நெளிநெளியாக அதே நிறக்கோடுகள் விழுந்தன.