ஞானபாயக்கா படிக்க மறுத்த காலம்

ஆங்கில இலக்கியத்தில் யார் பெரியவர் என்று உலகமெல்லாம் பேராசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் கொட்டாரத்தில் அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. தீர்ப்பு வழங்கியவள் ஞானபாயக்கா. நீதிமன்றம், அவளும் அவள் கணவர் ராஜையன் அண்ணனும் நடத்தும் மாவு மில். மிளகாய் அரைபடும் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி அவள் ஒரு கவிஞரைத் தள்ளுபடி செய்துவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நான் ஆதிரா. மில்லுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் அக்காவும் ஒரே வருடத்தில் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தோம். சனிக்கிழமை வகுப்புகளுக்கு இரண்டு பேரும் ஒன்றாக நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவோம். அவளுக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். வாய் அதற்கும் மேல்.

பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம். ராஜையன் அண்ணன் அப்போது ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் லீவு முடிவதற்குள் தாலி ஏற வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் பறந்த பறப்பில், பெண் படித்துக்கொண்டிருக்கிறாளே என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, விட்ட பி.ஏ.வை முடித்தாள். கையோடு எம்.ஏ.வும் சேர்ந்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "எனக்கு வேணும். நீ நகை எடுக்கும்போ எதுக்குன்னு நான் கேட்டேனா?"

அக்கா அவள் தேவாலய சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளர், ஞாயிறு பள்ளி ஆசிரியை. எழுத்தாளர்களையும் சபை அங்கத்தினர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். எழுத்து எப்படி என்பது பிறகு. முதலில் ஆள் எப்படி? குடிப்பாரா, பெண்டாட்டியை ஒழுங்காக வைத்துக்கொண்டாரா? ஏரிக்கரையிலும் மலையிலும் நடந்து நடந்து கவிதை எழுதியவருக்கு, "வேலைவெட்டி இல்லாத மனுசன், ஆனா கெட்டவரு இல்ல" என்று பாஸ் போட்டாள். அவருக்குப் பிரான்சில் கல்யாணம் ஆகாமலே ஒரு மகள் இருந்த கதையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் காலத்துக் கவிஞர்கள் மொத்தமும் காலி.

விக்டோரியா காலம் என்றால் அவளுக்குச் சொந்த ஊர் மாதிரி. அவள் சபையின் அடிக்கல்லும் அவள் படித்த பள்ளிக்கூடமும் அந்த ராணி காலத்தவை. ஏழைப் பிள்ளைகளின் கஷ்டத்தை எழுதிய அந்தக் காலத்துப் பெரிய நாவலாசிரியர் மேல் அவளுக்கு உயிர். அவர் மனைவியைத் தனியே அனுப்பிவிட்ட விஷயத்தை ஒருநாள் பஸ்ஸில் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். ஏதோ நான்தான் அனுப்பி வைத்தது போல இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பத்துப் பிள்ளை பெத்தவளையா?" என்று மட்டும் நடுநடுவே கேட்டாள்.

அவளுடைய தலைவர் யார் என்றால், கண் பார்வை போன பிறகும் வாயால் சொல்லிச் சொல்லியே ஒரு பெரிய காவியத்தை எழுதவைத்த கவிஞர். ஜெபக்காரர், ராஜாவுக்குப் பணியாதவர். அவர் பேர் வந்தால் பக்கம் பக்கமாக எழுதுவாள்.

"அக்கா, உங்க ஆளுக்கு மூணு கல்யாணம், ஓர்மை இருக்கா?" என்று சீண்டுவேன்.

"ஒருத்தி செத்த பொறவுதான் அடுத்தவ. அதுல என்ன குத்தம்?"

"விவாகரத்து வேணும்னு புத்தகம் வேற போட்டாரு."

"பாவம், கண்ணு தெரியாத மனுசன் ஏட்டி."

"அப்போ நல்லாத் தெரிஞ்சுது."

"நீ சும்மா கெட" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்றும் இருந்தது. ஆங்கில இலக்கிய வரலாறு என்ற பாடத்துக்கு ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலும் ஏ, பி என்று இரண்டு கேள்வி வரும், ஒன்றை எழுத வேண்டும். மூன்றாவது யூனிட், நாட்டை விட்டு ஓடியிருந்த ராஜா திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த நாடகக் கொட்டகைகள் திறந்த காலம். கொட்டகையைப் பூட்டியவர்கள் அக்காவின் தலைவரைப் போன்ற ஜெபக்காரர்கள். திறந்தபின் மேடை ஏறியது கள்ளக் காதலும் கேலியும் கூத்தும். அக்கா கைடில் முதல் பத்தியைப் படித்தாள். என் கடையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து அந்த யூனிட்டின் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து நாலு பின் அடித்தாள். அதன் பிறகு திறக்கவே இல்லை.

விளைவு, நான் முதல் தடவையே பாஸ். அவள் மூன்று தடவை ஃபெயில். மற்ற எல்லாப் பாடமும் நல்ல மார்க்கில் முடித்தவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் ஏழெட்டு மார்க்கில் தட்டிப்போகும். மூன்றாவது யூனிட்டுக்கான இடத்தில் விடைத்தாள் வெள்ளையாகவே இருந்தால் வேறென்ன நடக்கும்?

இந்த நிலையில்தான் பல்கலைக்கழக அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு வரும் மே மாதத் தேர்வே கடைசி. அதில் போனால் எம்.ஏ. போனதுதான். அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

"அக்கா, இதுலயும் விட்டா மொத்தப் படிப்பும் வீணு. கேட்டியளா?"

"போட்டும்."

"அந்தப் பின்ன எடுத்துட்டு வாசிங்க. வாசிச்சா என்ன, தொத்திக்கிடுமா?"

"ஞாயித்துக்கெழம பிள்ளையளுக்குப் பாடம் சொல்லுத வாயி ஏட்டி இது. அடுத்தவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு ஓடுத கதைய இந்த வாயால வாசிக்க மாட்டேன்."

"வாயால எதுக்கு? கண்ணால வாசிங்க."

"நீ போ. மல்லி அரைக்கணும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நீங்க இந்த ஜென்மத்துல பாஸாக மாட்டிய!" என்று கத்திவிட்டு ரோட்டைக் கடந்து வந்துவிட்டேன். ராஜையன் அண்ணன் மில்லை நிறுத்திவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார். உண்மையில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்று, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முந்தானையை வாயில் வைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கிணற்றில் விழுகிறவளை என்ன செய்வது?

அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, நான் கடை திறந்து மெஷின் சூடாகக் காத்திருந்தபோது, அக்கா புயலாக உள்ளே வந்தாள். சண்டை போட்டது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"அந்த ஏசுவடியான் சொல்லுதத கேட்டியா?"

ஏசுவடியான் அவள் சபைக் கமிட்டியின் செயலாளர். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இளைஞர்கள் ஒரு நாடகம் எழுதியிருந்தார்கள். வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு மனைவி, வாழ்க்கை கெட்டுத் திரும்பி வருகிற கதை. அந்த வேஷத்தை ஜினிஷா என்ற கல்லூரிப் பெண் ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தாள். அவள்தான் அங்கே நன்றாக நடிப்பவள். ஏசுவடியான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஓடிப்போனவ வேசத்தப் பொம்பளப்பிள்ள போடப்பிடாதாம். நாள பின்ன அவளுக்கு மாப்பிள்ள வராதாம். ஷிஜினுக்குச் சேலை கட்டி விடணுமாம்! மீசைய மழிச்சிட்டு ஒரு தடிப்பய இடுப்ப ஆட்டிட்டு வந்தா, அது சபைக்கு மரியாதையாம்!"

"நீங்க என்ன சொன்னிய?"

"சும்மா விடுவேனா? வேசம் போட்டா பிள்ள கெட்டுப்போவாளான்னு கேட்டேன். கெட்டத மேடையில காட்டாம, கெட்டது கெட்டதுன்னு எப்பிடி வேய் சொல்லுவீருன்னு கேட்டேன். அடுத்த கூட்டத்துல பாப்போம்னு கமிட்டி எந்திச்சிப் போயிட்டு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, இப்போ சொன்னத இன்னொருக்கச் சொல்லுங்க."

"எத?"

"கெட்டத மேடையில காட்டாம..."

அக்கா என்னையே பார்த்தாள். நான் விடவில்லை. "இங்கிலீஷ்காரன் நாட்டுலயும் பொம்பள வேசம் முழுக்க பயலுவதான் போட்டுக்கிட்டு இருந்தானுவ. ஏசுவடியான் மாதிரி ஆளுவ வந்து கொட்டகையவே பூட்டினாவ. ராஜா திரும்பி வந்த பொறவுதான் பொம்பளையள் மேடை ஏறுனாவ. நீங்க பின்னடிச்சு வச்சிருக்கியளே, அந்தக் காலத்துலதான்."

அவள் ஏதாவது எதிர்த்துச் சொல்வாள் என்று வாயைக் கூர் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆதிரா, பின்னு எடுக்குத சாதனம் இருக்கா ஒன்கிட்ட?"

அன்றிலிருந்து ஒரு மாதம் மில்லில் நடந்தது படிப்பா சண்டையா என்று தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் திட்டிக்கொண்டே படித்தாள். இந்தப் பிரபுக்களுக்கு வேறு வேலையே இல்லையா, புருஷன்மார் எல்லாருக்கும் கண் குருடா என்று என்னைக் கேட்பாள், நான்தான் எழுதினேன் என்பது போல. ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய ஒரு பெண்ணிடம் வந்து நின்றுவிட்டாள். கணவரை இழந்தவள் என்கிறார்கள். நாடகம் எழுதி அந்தச் சம்பாத்தியத்திலேயே வாழ்ந்தவள். கைடில் அவளுக்கு ஐந்தாறு வரிதான் கொடுத்திருந்தார்கள். அக்கா கைபேசியில் தேடி, என்னையும் தேடவைத்து, அவளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள்.

"எழுதினதுல பாதி அசிங்கம்தான். நான் அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்" என்றாள் மிளகாய்த் தூசியில் தும்மிக்கொண்டே. "ஆனா ஆம்பளையளும் அதே அசிங்கத்ததான எழுதினானுவ? இவள மட்டும்லா கூடுதலா ஏசியிருக்கானுவ. இது எந்த ஊரு நியாயம்?"

கமிட்டியும் கடைசியில் இறங்கி வந்தது. ஜினிஷாவே நடிக்கட்டும் என்றார்கள். அக்காவை எதிர்த்துப் பேசி நேரம் போக்குவதைவிட அது சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

தேர்வு அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். நாகர்கோவிலில் தேர்வு நடந்த கல்லூரி வாசலில், வெயிலில், என் பிள்ளைகள் எழுதினபோதுகூட இப்படி நின்றதில்லை. அக்கா சாவகாசமாக வந்தாள். கையில் கேள்வித்தாள். நான் பறித்து மூன்றாவது யூனிட்டைத்தான் முதலில் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஏ கேள்வி, அவளுடைய தலைவரைப் பற்றி. அந்தக் காவியம் அச்சேறியது ராஜா திரும்பி வந்த பிறகு என்பதால், கேள்வி போட்டவர் இந்த யூனிட்டில் வைத்துவிட்டார். பி கேள்வி, அந்தக் காலத்து நாடக மேடையும் பெண்களும்.

"அக்கா! உங்க ஆளே வந்துட்டாரே! எத்தனை பக்கம் எழுதினிய?"

"அவர எழுதல. பி எழுதுனேன்."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்துப் பக்கம் எழுதக்கூடிய கேள்வி. கடைசி வாய்ப்பு. அதை விட்டுவிட்டு, ஒரே மாதம் படித்ததை எழுதியிருக்கிறாள். "உங்களுக்கு என்ன வட்டா, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"அவருக்கு எழுத ஆயிரம் பேரு உண்டு மக்கா. இந்தப் பொண்ணுவளுக்கு அந்த ஹாலுல நான் ஒருத்திதான் இருந்தேன்."

பஸ்ஸில் நான் அவள் மார்க்கைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ரிசல்ட் ஆகஸ்டில் வந்தது. என் கடைக் கணினியில் அவள் எண்ணைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் சாமியைக் கும்பிட்டேன். பாஸ். சும்மா ஒட்டிக்கொண்டு போன பாஸ் இல்லை. நான் வாங்கியதைவிடப் பன்னிரண்டு மார்க் கூடுதல். செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். ராஜையன் அண்ணன் மில்லை நிறுத்தினார். "பாஸாயிட்டியா பிள்ளே?" என்று அக்காவிடம் கேட்டார், மிளகாய்ப்பொடிக் கையாலேயே கண்ணைத் துடைத்தார், பிறகு தண்ணீர் தேடி ஓடினார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக அழுதோம். எனக்குப் பொறாமையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்?

மறுநாள் காலை அவள் கடைக்கு வந்தாள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கணினியைத் திறந்தேன்.

"அது கெடக்கட்டும். அந்தப் பொண்ணு எழுதின நாடகம் முழுசா நெட்டுல இருக்குமா?"

"இருக்கும். எதுக்கு? பரீட்சைதான் முடிஞ்சாச்சே!"

"பரீட்சைக்குப் படிச்சது கைடுலயும் போனுலயும் கெடச்ச சுருக்கம்லா. அவ எழுதினத இன்னும் ஒரு வரி நான் வாசிக்கல."

பிரிண்ட் போட்டேன். மெஷினிலிருந்து பக்கங்கள் சூடாக வந்து விழுந்தன. கட்டி முடிக்கும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. முதல் தாளை உருவிக்கொண்டு, நின்றபடியே, உதட்டை அசைத்து வாசித்தாள். பாதியில் முகம் சிவந்தது. "சீ!" என்றாள். பிறகு இரண்டாவது பக்கத்துக்குக் கையை நீட்டினாள்.