பெட்டியின் மேல் ஒரு கை

தர்மபுரத்தில் கோழிக்குஞ்சு வாங்கப் போன இடத்தில்தான் அவரைச் சந்தித்தேன். ஒடிசலான மனிதர், புருவத்தில் விளக்குக் கரி. போர் நடந்த, கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் முட்டை பொரிக்கும் பலகைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். யாரோடு கதைத்தாலும் அவருடைய ஒரு கை அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கும். சூடு கூடினால் மறுகையால் திரியை இறக்குவார்.

"மண்ணெண்ணெய் கிடைக்காத நேரத்திலை ஒரு அடைக்கோழியை வைச்சால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"கோழி ஷெல் சத்தத்துக்கு எழும்பி ஓடிடும் தம்பி. முட்டை ஆறிப்போகும். பிறகு வாற குஞ்சு காலை இழுத்து இழுத்துத்தான் திரியும். விளக்கெண்டால் ஓடாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கிட்டத்தில் ஒரு ஷெல் குண்டு விழுந்தது. நான் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தேன். "அண்ணை, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன்.

"விளக்கு நூந்துபோச்சு. கொளுத்திப்போட்டு வாறன்."

அவர் வரவில்லை. சத்தம் அடங்கி நான் மேலே ஏறியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை பெட்டியின் மேல் இருந்தது. ஏற்கெனவே பொரித்திருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக நிலத்தில் நடக்கவிட்டுப் பார்த்துத்தான் எனக்குத் தந்தார். எல்லாம் நேராக நடந்தன. என் கால்கள்தான் சொல்வழி கேட்கவில்லை.